துரை மன்னிப்புக் கேட்கும் காட்சி

டோப்பா அண்டாவுக்குள் விழுந்தபோது சத்தமே வரவில்லை. ஹரிஷ்குமாருக்கு அதுதான் ஆச்சரியம். ஒரு மனுஷனின் ஒரு மாத ஒத்திகை மொத்தமாகப் போய் விழும்போது 'தொபுக்'கென்றாவது கேட்க வேண்டாமா?

அண்டாவில் அரக்குச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலைகளைக் கழியில் மாட்டிப் புரட்டிக்கொண்டிருந்தான். கழியின் மறுமுனை கொடியில் இடித்தது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது அப்பாவின் செம்பட்டை டோப்பா. முதல் நாள் ஷாம்பூ போட்டு அலசி, அடுப்புச் சூட்டில் சீக்கிரம் காயட்டும் என்று அதைச் சாய அண்டாவுக்கு மேலே மாட்டிய மேதை யார் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரி காரியத்துக்கெல்லாம் அங்கே ஒரே ஆள்தான்.

"அண்ணே, பூனையாண்ணே அது?" என்றாள், பட்டறையில் வேலை பார்க்கும் செல்லக்கிளி.

"எங்கப்பாவோட தலை."

கழியால் தூக்கிப் பார்த்தான். லண்டன் செம்பட்டை போய் முகூர்த்தச் சேலை அரக்கு வந்திருந்தது. நல்ல பிடிப்பு. எத்தனை துவைத்தாலும் சாயம் போகாது என்று வாடிக்கையாளர்களிடம் சத்தியம் செய்கிறவன் அவன். அந்தச் சத்தியம் அன்றைக்குத்தான் அவனுக்கே எதிராகத் திரும்பியது.

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஹரிஷ்! வேர் இஸ் மை முடி, மேன்?"

அப்பா நல்ல குஷியில் இருக்கிறார் என்று அர்த்தம். குஷி வந்தாலும் கோபம் வந்தாலும் அவர் வெள்ளைக்காரர் ஆகிவிடுவார்.

முனிச்சாலையில் அப்பா பேரைச் சொல்லி, கோதண்டராம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'துரை வீடு' என்றால் ரிக்‌ஷாக்காரர் வாசலிலேயே இறக்கிவிடுவார். சௌராஷ்டிரக் குடும்பத்துச் சிவப்பு நிறம், பூனைக் கண், ஆறடி உயரம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இங்கிலாந்து, கண்ணாடி போட்டுப் பார்த்தால் முனிச்சாலை. அந்த உடம்பை வைத்து முப்பது வருஷமாகத் தமிழ்ப் படங்களில் பிரிட்டிஷ்காரராகவே நடித்தவர் அவர். கலெக்டர், ஜெயிலர், மேஜர், தேயிலைத் தோட்டத்து முதலாளி. ஒரு முறை பாதிரியாராகக் கேட்டார்கள், அந்தப் படம் பாதியில் நின்றுபோனது. சாட்டையால் அடிப்பார், தூக்கில் போடுவார், கடைசி ரீலில் தவறாமல் சாவார். கிணற்றில் தள்ளிக் கொன்றிருக்கிறார்கள், காளையை விட்டு முட்டிக் கொன்றிருக்கிறார்கள். ஒரு படத்தில் கதாநாயகியின் தங்கை உலக்கையாலேயே முடித்துவிட்டாள். அவர் பேசிய ஆங்கிலம் மொத்தத்தையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

ஆறேழு வருஷமாக வேஷமே இல்லை. போன மாதம்தான் மேலூர்ப் பக்கம் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. அதன் மேனேஜர் காசிமாயன் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு வேஷம் சொன்னார். இந்தத் துரை சுட மாட்டார். சாகவும் மாட்டார். தன் சிப்பாய்கள் கொன்ற பையனின் தாயிடம் போய், ஊர் பார்க்கத் தொப்பியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்பார். படத்தின் உயிரே அந்தக் காட்சிதானாம்.

அன்றிலிருந்து அப்பா பீரோ கண்ணாடியின் முன்னால் நின்று, "நான் டப்பு பண்ணிட்டேன் அம்மா. என்னை மன்னிக்கணும்" என்று தினமும் அழுதுகொண்டிருந்தார். பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்த செல்லக்கிளி ஒருநாள் தானும் சேர்ந்து அழுதாள். அம்மா வசுந்தரா மட்டும் அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட மனிதரிடம் இப்போது அரக்குத் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"என்னடா இது?"

"வெள்ளைக்காரங்கள்ல சிவப்புத் தலைக்காரங்களும் உண்டுப்பா. அயர்லாந்துப் பக்கம்..."

"இது சிவப்பாடா? வளைகாப்புச் சேலை கலர்டா இது! தொப்பியைக் கழட்டினா தியேட்டரே சிரிக்கும்!" அப்பாவின் பூனைக் கண் அவன் மேல் குத்திட்டு நின்றது. "வேணும்னே பண்ணியிருக்கே."

"சத்தியமா இல்லப்பா. கழி இடிச்சு..."

"கடையில கேலி பண்றாங்க, இந்த வயசுல எதுக்கு வேஷம்னு போன வாரம் நீதானே கேட்டே?"

கேட்டான்தான். சும்மா சிரிப்புக்குச் சொன்னது. ஹரிஷ் சிரிப்புக்குச் சொன்னவற்றை ஊரே மறந்தாலும் அப்பா மறக்க மாட்டார்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டோப்பாதான் போச்சே. இன்னைக்கு ஷூட்டிங்குக்குப் போகாம இருந்துட்டா என்ன?"

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு விரலை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் நீட்டினார். "நீ உள்ளே போ."

அம்மா உள்ளே போனாள்.

"வண்டியை எடுடா. கம்பெனி டோப்பா தேங்காய் நார் மாதிரி இருக்கும். பரவாயில்ல, அதை வெச்சாவது நடிக்கிறேன்."

*

தொளதொள காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், முகத்தில் பவுடர், வழுக்கைத் தலையில் துரைத் தொப்பி. அத்தனையும் ஹரிஷின் ஸ்கூட்டர் பின்சீட்டில் ஏறியது. மாட்டுத்தாவணியில் டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் தன்னையறியாமல் விறைப்பாக நின்றார். மற்ற நாளாக இருந்தால் அதை வைத்தே ஹரிஷ் ஒரு வாரம் ஓட்டியிருப்பான். இன்றைக்குப் பின்னாலிருந்து மூச்சு புஸ்புஸ்ஸென்று கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. யானைமலை தாண்டியும் அது தணியவில்லை.

மேலூர் தாண்டி ஒரு பாறைக் குன்றின் அடியில் செட்டுப் போட்டிருந்தார்கள். அட்டைக் கோட்டை, அட்டைப் பீரங்கி. காசிமாயன் குடைக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். துரையைப் பார்த்ததும் டீ அவர் சட்டையில் இறங்கியது.

"அண்ணே, நீங்களா? நீங்க வரமாட்டீங்கன்னுல்ல..."

"யார் சொன்னா?"

"உங்க வீட்டுல இருந்து போன வாரமே ஃபோன் வந்துச்சேண்ணே. அவருக்கு முடியல, வேற ஆளைப் பாத்துக்கங்க, அவர்கிட்ட நாங்களே பக்குவமாச் சொல்லிக்கிறோம்னு."

"யாருய்யா பேசினது?"

காசிமாயன் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அவ்வளவு டீ இல்லை. "அதை மட்டும் கேக்காதீங்கண்ணே. யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கேன்."

"இப்ப யாரைப் போட்டிருக்கே?"

காசிமாயன் கையைக் காட்டினார். மரத்தடி நாற்காலியில், அதே மாதிரிக் காக்கிக் கால்சட்டையில், ஒரு கிழவர் இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். அசல் வெள்ளைக்காரர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது.

"பெர்சின்னு பேருண்ணே. கோயில் பாக்க வந்தவரு. தல்லாகுளத்துல ஒரு லாட்ஜுல தங்கியிருந்தாரு. பேசிப் பாத்தா அவரும் நம்மாளுதாண்ணே, நடிகரு. அவுக ஊருல நாப்பது வருஷமா சின்னச் சின்ன வேஷம். வேலைக்காரன், பாதிரியாரு, ஜட்ஜு, அப்பறம் பொணம்."

"பொணமா?"

"கொலைக் கதைகள்ல முதல்ல சாகுறது இவருதானாம்."

"நான் கடைசியில சாகுறவன்யா!" என்று கத்தினார் கோதண்டராம். "அப்படின்னா யாருக்குய்யா வெயிட்டு?"

ஹரிஷுக்குச் சிரிப்பு முட்டியது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே செத்தது. பவுடருக்குக் கீழே கன்னம் துடித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பெர்சி எழுந்து வந்தார். இன்னொரு துரையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணங்கினார். தொப்பிக்குக் கீழே வழுக்கை. டோப்பா கீப்பா எதுவும் இல்லை. வழுக்கையோடேயே காட்சியை எடுக்கப்போகிறார்களாம்.

இவரும் பிரிட்டிஷ்காரர் வேஷம்தான் போடுவார் என்று ஹரிஷ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான். பெர்சி கண்ணை விரித்தார். நானும் ஆயுசு முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கும் யாரும் வேறு வேஷம் கொடுத்ததில்லை என்றார். பாவம், நல்ல மனுஷர். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கப் பார்த்தார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இவனுக்குத் தமிழ் வருமாய்யா? 'மன்னிக்கணும்'னு சொல்லுவானா?"

"அதான்ணே..." காசிமாயன் இழுத்தார். "வாயை மட்டும் அசைப்பாரு. குரல் பின்னால டப்பிங்ல குடுத்துக்கலாம். டைரக்டர் சொன்னாரு, துரைக் குரலுக்கு நம்ம கோதண்டராம் அண்ணனை விட்டா ஆளில்லைன்னு. நீங்க குரல் மட்டும் குடுத்தீங்கன்னா..."

யாராவது சாணியைக் கரைத்து மூஞ்சியில் ஊற்றியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார்.

"என் குரலு, அவன் மூஞ்சியா?"

"கோவிக்காதீங்கண்ணே. இன்னைக்கு ஒத்திகைதான், சீன் நாளைக்குத்தான். யாரு வேணாம்னு சொன்னாங்களோ அவுக வாயாலயே சரின்னு வரட்டும். நான் டைரக்டர் கால்ல விழுந்தாவது மாத்துறேன். அவுக சொல்லாம என்னால ஆகாதுண்ணே. நான் குடுத்தது அம்புட்டுப் பெரிய வாக்கு."

அப்பா மெதுவாக ஹரிஷ் பக்கம் திரும்பினார். "நீதான் பேசியிருக்கே."

"அப்பா, நான் எதுக்கு..."

"ஃபோன்ல ஒரு வேலை. அதுக்கும் நான் அசரலைன்னா டோப்பாவை அண்டாவுல போடுறது. நல்லாத் திட்டம் போட்டிருக்கடா."

"நான் திட்டம் போட்டு எதைப்பா உருப்படியா முடிச்சிருக்கேன்? யோசிச்சுப் பாருங்க."

அவனைப் பொறுத்தவரை அதைவிட நேர்மையான சாட்சியம் கிடையாது. ஆனால் சொன்ன தொனி பழைய தொனி, சிரிப்புத் தொனி. அப்பாவின் இடது கை வலது தோள் வரை போனது. அங்கிருந்து திரும்பி வந்தது. புறங்கை.

பாறையில் பட்டு எதிரொலித்தது அந்தச் சத்தம். ஹரிஷுக்கு முப்பத்தைந்து வயது, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கேமரா ட்ராலி பக்கத்திலிருந்து ஒரு வயசான மேக்கப்காரர் பரவசமாகக் கூவினார். "டேய்! அதே அடிடா! முதல் படத்துல ஜெயிலரா வந்து சமையல்காரனை அடிப்பாரே, அதே அடி! கொஞ்சங்கூட மாறலடா!"

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். பெர்சி ஒருவர்தான் தட்டவில்லை. இளநீரைக் கீழே வைத்துவிட்டு ஹரிஷின் முகத்தையே பார்த்தார்.

ஹரிஷுக்குக் கோபம் வராது என்று ஊரில் பேச்சு. வரும். வரும்போதெல்லாம் அதன் கையில் ஒரு ஜோக்கைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுவான். இன்றைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"ஏறுங்க. வீட்டுக்குப் போலாம்."

"உன் வண்டியில ஏறமாட்டேன். பஸ்ஸுல வாரேன்."

"இந்த வேஷத்துலயா?"

"முப்பது வருஷமா இதுதாண்டா என் வேஷம்!"

ஹரிஷ் வண்டியை உதைத்தான். கிளம்பியது. திரும்பிப் பார்க்கவில்லை.

*

வீட்டில் நுழைந்ததும் மனைவி ஹம்சவேணிதான் எதிரே வந்தாள். தனியாக வருகிறவனையும், அவன் கன்னத்தையும் பார்த்தாள்.

"கம்பெனிக்கு ஃபோன் பண்ணி அப்பா வரமாட்டார்னு சொன்னது யாரு?"

"முதல்ல சாப்பிடுங்க."

"ஹம்சா, யாரு?"

"வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ஆறிடும்."

"நீயா?"

"நான் எதுக்குங்க பேசுறேன்? எனக்கு அந்தக் கம்பெனி நம்பரே தெரியாது."

"அப்ப யாருக்குத் தெரியும்?"

"பாப்பாவுக்குத் தலை பின்னணும்." போயேவிட்டாள்.

அன்றைக்கு எல்லோரும் இப்படித்தான். காசிமாயனுக்கு வாக்கு. இவளுக்கு வெண்டைக்காய். அப்பாவோ கேள்வியே கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார். அவன் செய்யாத தப்புக்கு அவன் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்த சொம்பை ஓங்கித் தரையில் வைத்தான். தண்ணீர் தெறித்தது. "இந்த வீட்டுல ஒருத்தருக்கும் வாய் கிடையாதா?"

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"புறங்கையா?"

ஹரிஷ் திகைத்தான். "உனக்கு எப்படி..."

"ஆளுங்க இருந்தாங்களா?"

"மொத்தக் கம்பெனியும் இருந்துச்சு. கை தட்டினாங்கம்மா."

அம்மா அந்தக் கன்னத்தை முந்தானையால் ஒற்றினாள். பிறகு அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தான் ஃபோன் பண்ணேன்."

"நீயா?"

"நானேதான். காசிமாயன்கிட்ட சத்தியம் வாங்கினது நான். ஹம்சா வாயைக் கட்டினதும் நான். நீ அடி வாங்குவேன்னு நினைக்கலைடா. அந்த ஒண்ணுதான் என் தப்பு. மத்தது தப்பில்ல."

"ஏம்மா? பாவம், ஒரு மாசமா மனுஷன் எப்படி அழுதாரு..."

"உங்கப்பா முதல் படத்துல என்ன வேஷம்?"

"ஜெயிலர். சமையல்காரனை அடிப்பாரு. அந்த அடியாலதான் பேரே வந்துச்சு."

"அந்த அடியை எங்கே பழகினாருன்னு யாராவது கேட்டீங்களா?"

ஹரிஷின் கை தன் கன்னத்துக்குப் போனது.

"எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். இதே சமையல்கட்டு. 'சும்மா நில்லு வசு, கை படாது, படாம அடிக்கிறதுதான் நடிப்பு'ன்னாரு. முதல்ல படலை. நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அப்புறம் ஒண்ணு பட்டுச்சு. காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டேன். அவர் என்னைப் பாக்கலை. அவர் கையைப் பாத்தாரு. 'இதான், இந்தச் சத்தந்தான் வேணும்'னாரு. எந்திரின்னாரு. எந்திரிச்சேன்."

அவள் குரல் உயரவே இல்லை. பின்கட்டில் செல்லக்கிளி ஏதோ கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

அம்மாவிடம் பேசுகிறவர்கள் அவளுடைய வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுவார்கள். அது அந்த வீட்டுப் பழக்கம். இடது காது பிறவியிலேயே மந்தம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். 'அம்மாவுக்கு அந்தப் பக்கம் எப்பவும் ஞாயித்துக்கிழமை, கடை அடைப்பு' என்று ஹரிஷ் சொன்னால் வீடே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். போன தீபாவளிக்குக்கூட வந்தவர்கள் முன்னால் சொன்னான். நல்ல கைதட்டல்.

அவன் அம்மாவின் இடது காதைப் பார்த்தான்.

"அவர் ஒவ்வொரு படத்துலயும் சாகுறப்ப அக்கம்பக்கத்துல துக்கம் கேக்குற மாதிரி வந்து கேலி பண்ணுவாங்க. நானும் சிரிப்பேன். சாட்டையால அடிச்சாரு, தூக்குல போட்டாரு, எல்லாத்தையும் விட்டுட்டேன். அது கதை. இது அப்படியில்லடா. இது மன்னிப்பு. ஒரு மாசமா பக்கத்து அறையில உக்காந்து நல்ல காதால கேட்டேன். என்னமா அழுறாரு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் திரும்பி என்னைப் பாப்பாரான்னு இருந்தேன். அடிக்கப் பழகுறதுக்கு நான் வேணும், மன்னிப்புக் கேக்கப் பழகுறதுக்குப் பீரோ போதுமாக்கும்? அடுத்த நாள்தான் ஃபோனை எடுத்தேன்."

ஹரிஷ் அவள் அருகே தரையில் உட்காரப் போனான். எந்தப் பக்கம் உட்காருவது என்று ஒரு நொடி தடுமாறினான்.

"காசிமாயன் சொல்றாரும்மா. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கு அப்பாவையே நடிக்க வைக்கிறேன்னு. நீ வேணாம்னா வேணாம். நான் உன் பக்கம். ஆனா எனக்கு நேராச் சொல்லு. சொல்லுவியா, மாட்டியா?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"சொல்லுவேன். நாளைக்குக் காலையில நானே ஃபோன் பண்ணுவேன். டோப்பா இல்லாட்டி என்ன, வழுக்கையோட நடிக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி உங்கப்பா பஸ்ஸை விட்டு இறங்கி வரட்டும். வந்து இந்த இடது பக்கமா உக்காந்து சொல்லட்டும். எனக்குக் கேக்குற வரைக்கும் சொல்லட்டும். வெள்ளைக்காரத் தமிழ்ல வேணாம். நம்ம வீட்டுப் பாஷையில."